பெரட்டுக் களத்துப் பூச்சி மருந்து

மருந்து நல்லதாயிருந்தால் போதுமா? அதைக் கொடுக்கும் முறையும் நல்லதாயிருக்க வேண்டாமா? மருந்தும் முறையும் நல்லனவாகவே இருந்தாலும், மருந்துண்டவன் மறுநாள் காலையில் கால் வைத்து நடக்கும் மண் நஞ்சாயிருந்தால், அந்த மருந்தினால் ஆகப்போவது என்ன?

இக்கேள்விகள் ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே நூறாண்டுகளுக்கு மேலாக விடை காணாது நிற்கின்றன. குடற்புழுவை ஒழிப்போம் என்று புறப்பட்டு வந்தோர் பலர். அவர்கள் கையிலே மருந்து இருந்தது, அறிவு இருந்தது, பணமும் இருந்தது. எனினும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை வயிற்றிலே புழுவும் இருந்தது. ஏன் என்று கேட்டால், "அவர்கள் பழக்கம் அப்படி" என்று தோளைக் குலுக்குகின்றனர் பெரிய மனிதர். இப்பதிலை நாம் ஏற்க மறுக்கிறோம். மறுப்பதற்குரிய காரணங்களையும் வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்டுவோம்.

1916இல் தொடங்கிய கதை

அமெரிக்கக் கோடீசுவரர் றொக்பெல்லரின் பெயரால் அமைந்த அறநிலையம் கொழுக்கிப்புழு ஒழிப்பை உலகெங்கும் பரப்ப முனைந்தபோது, இலங்கையிலே அது முதலில் தேர்ந்தெடுத்த களம் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். ஆண்டு 1916. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உடலில் இரத்தம் இல்லை. இரத்தம் இல்லாதவன் மலையேறிக் கொழுந்து பறிக்க மாட்டான். பறிக்காவிட்டால் தோட்டத்துக்கு நட்டம். மனிதாபிமானம் என்ற போர்வைக்குள்ளே இந்தக் கணக்கும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் நோயைத் தேடி வந்து மருந்து கொடுத்தார்களே, அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் கொடுத்த மருந்து எப்படிப்பட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியுமா?

முதலாவது தைமோல். நம் வீட்டு ஓமத்தில் உள்ள சத்துத்தான் அது. ஓமம் சிறிது தின்றால் வயிற்றுக்கு நல்லது. அதன் சத்தைப் பிரித்தெடுத்துப் புழுவைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தாலோ மனிதனையே தள்ளாட வைக்கும். பட்டினி போட்டு, பேதிக்குக் கொடுத்து, பிறகு தைமோலைக் கொடுத்து, மீண்டும் பேதிக்குக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு எண்ணெயோ சாராயமோ உள்ளே போனால், குடலோடு நிற்கவேண்டிய மருந்து அவற்றில் கரைந்து இரத்தத்தில் ஏறிவிடும். அரைவயிற்றுக் கஞ்சியோடு உழைத்தவனுக்கு இந்த வைத்தியம் எப்படியிருந்திருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது செனோப்போடியம் எண்ணெய். புழு சாகும் அளவுக்கும் மனிதனுக்குத் தீங்கு நேரும் அளவுக்கும் இடையில் ஒரு மெல்லிய கோடுதான். தலைச்சுற்றல், காது மந்தம், சில வேளை மரணம் என அதன் தீமைகளை அக்கால வைத்தியர்களே எழுதி வைத்தனர். மெலிந்த உடலும் சிறு குழந்தையும் அதற்கு எளிதில் இரையாயின.

மூன்றாவதோ காபன் டெட்ராகுளோரைட். துணியின் அழுக்கெடுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம்! 1921இல் மோரிஸ் ஹால் என்னும் அமெரிக்க விலங்கியல் அறிஞர் நாய்களின் கொழுக்கிப்புழுவை இது கொல்லும் என்று கண்டறிந்தார். மனிதருக்குக் கொடுத்தால் ஈரல் கெடுமா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்க இலங்கையில் என்ன செய்தனர் தெரியுமா? மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அம்மருந்தைக் கொடுத்து, தூக்கிலிட்ட பின்னர் அவர்களின் ஈரலை அறுத்துப் பார்த்தனர். அம்முடிவுகள் 1922, 1923ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகையில் அச்சேறின. கைதிகள் சம்மதித்தே உட்கொண்டனர் என்பார்கள். கழுத்தில் கயிறு காத்திருப்பவனுடைய சம்மதத்துக்கு என்ன பெறுமதி என்று நாம் கேட்கிறோம்.

காபன் டெட்ராகுளோரைட் ஈரலைத் தின்னும் நஞ்சு என்பது இன்று பள்ளி மாணவனுக்கும் தெரியும். 1925இல் அதைவிடத் தீங்கு குறைந்த டெட்ராகுளோரோஎத்திலீன் வந்தது. மருந்து படிப்படியாகத் திருந்தியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மருந்து திருந்தியதே தவிர, மண் திருந்தியதா?

கட்டாத மலசலகூடம்

கொழுக்கிப்புழுவின் வழி மிக எளிது. நோயாளியின் மலத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது. ஈரமும் சூடும் கிடைத்தால் குஞ்சு பொரிக்கிறது. வெறுங்காலோடு வருபவனின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலிற் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் காலால் நுழைவதில்லை. அவற்றின் முட்டைகள் மண்ணிலே காத்துக் கிடந்து, கையோடும் காய்கறியோடும் தண்ணீரோடும் வாய்க்குள் போகின்றன. ஆக, மலத்தை மண்ணில் விழாமல் தடுத்தால் மூன்று புழுக்களுக்கும் வழி அடைபட்டது. மலசலகூடம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், காலுக்குச் செருப்பு வேண்டும்.

றொக்பெல்லர் நிலையத்தாரும் இதைச் சொல்லத்தான் செய்தனர். ஆனால் லயத்துக்கு மலசலகூடம் என்றதும் தோட்ட முதலாளிகளின் முகம் சுருங்கியது. புழு மருந்துக்குச் செலவு சொற்பம்; குழி வெட்டிக் கூரை போட்டுத் தண்ணீர் கொண்டுவரச் செலவு அதிகம். ஆகவே மருந்து வந்தது, மலசலகூடம் தயங்கியது. மருந்துண்டவன் சில மாதங்களில் மறுபடியும் புழுவைச் சுமந்தான். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருந்துவிட்டு, "இந்தப் பானைக்குத் தாகம் அடங்காது" என்று பழித்தவனின் கதைதான் இது. பின்னர் 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று அமைந்து, தடுப்பு வேலையை ஊரோடு சேர்த்துச் செய்யும் புதுவழி இந்நாட்டில் தோன்றியது. நல்ல வழி! அவ்வழி கிராமங்களுக்குப் பரவிய வேகத்தில் மலைக்கு ஏறவில்லை என்பதே நமது வழக்கு.

தோட்டம் தனி இராச்சியமாக இருந்தது. அங்கே துரை வைத்ததே சட்டம். வைத்தியமும் துரையின் பொறுப்பு. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அவர்களுக்காகப் பேச வேண்டிய வாக்குச் சீட்டும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனின் லயத்துக்கு மலசலகூடம் கட்ட எந்த மந்திரி ஓடி வருவான்? 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் போயிற்று. உடைமை கை மாறியது. பலருடைய லயமோ அதே லயம்.

குளிசையின் பெருமையும் அதன் எல்லையும்

இன்றைய மருந்தைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். 1970களில் மெபெண்டசோலும், 1980களில் மனிதருக்கு அல்பெண்டசோலும் புழக்கத்துக்கு வந்தபின், பட்டினியும் பேதியும் தொலைந்தன. ஒரே ஒரு குளிசை! இதன் பாதுகாப்பின் இரகசியம் என்ன? இம்மருந்துகள் நீரில் எளிதிற் கரைவதில்லை; ஆகவே இரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறுகின்றன; புழு இருக்கும் குடலிலேயே தங்கி, அது சர்க்கரையை உட்கொள்ள முடியாதபடி செய்து பட்டினியால் சாகடிக்கின்றன. தைமோல் எண்ணெயிற் கரைந்து ஆளைக் கொன்றது; இது கரையாமையால் ஆளைக் காக்கிறது. மருந்தின் வேகத்தைப் போலவே அது உடலில் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதும் உயிர்களைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கருவுற்ற தாய்மாருக்கு மெபெண்டசோல் கொடுக்கலாமா என்ற அச்சம் உலகெங்கும் இருந்தது. அதற்கு விடை தந்தவர்கள் நம் நாட்டவரே. களனிப் பல்கலைக்கழகத்து வைத்தியர் நிலந்தி டி சில்வாவும் தோழர்களும் ஏழாயிரம் பிரசவங்களுக்கு மேல் ஆராய்ந்து 1999இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டனர். முதல் மூன்று மாதம் கழிந்தபின் கொடுத்தால் பிறவிக் குறைகள் கூடுவதாகத் தெரியவில்லை; இறந்து பிறக்கும் குழந்தைகளும், பிறந்த சில நாட்களில் இறக்கும் குழந்தைகளும் குறைவாகவே காணப்பட்டன; முதல் மூன்று மாதத்தில் மட்டும் தவிர்க்க வேண்டும். இது பெருமைக்குரிய வேலை. இரத்தசோகையோடு கூடை சுமக்கும் மலைத் தாய்க்கு இதன் பயன் பன்மடங்கு. ஆனால் "மூன்று மாதம் கழிந்ததா?" என்று ஒவ்வொரு பெண்ணையும் தனியே, மரியாதையாக, அவள் மொழியில் கேட்பவர் இருந்தால்தான் அந்த அறிவு அவளைச் சென்றடையும்.

இனி இரண்டு கணக்கைப் பாருங்கள். 1992இல் தோட்டங்களிலே எடுத்த கணிப்பில் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குடற்புழு இருந்தது. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. பிறகு நிறுத்தப்பட்டது. நிறுத்தி நான்காண்டு சென்றபின் ஐந்து மாவட்டங்களில் 114 தோட்டப் பாடசாலைகளில் 1890 பிள்ளைகளைச் சோதித்தனர். முடிவு 2011இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 29 பேருக்குப் புழு. இரண்டு மாவட்டங்களில் கொழுக்கிப்புழு அகப்படவேயில்லை. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் ஐந்து மாவட்டங்களிலும் அகப்பட்டன.

தொண்ணூறு முப்பதாகக் குறைந்தது மருந்தின் வெற்றி. மருந்து வீண் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் படிக்கட்டும். முப்பது பூச்சியமாகாதது மண்ணின் தோல்வி. மருந்தே போதும் என்று சொல்வோர் இந்தக் கணக்கையே மறுபடியும் படிக்கட்டும். வட்டப்புழுவும் கொழுக்கிப்புழுவும் மலசலகூடக் குறைவுள்ள வீட்டையே நாடின என்றும், தாய்க்குக் கல்வி குறைந்த வீட்டில் மூன்று புழுக்களும் மிகுந்தன என்றும் அதே ஆய்வு எழுதிற்று.

2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்றும், யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழித்த நாடென்றும் அறிவித்தது. 1916இல் தொடங்கிய புழுப் போருக்கு அன்று சரியாக நூறு வயது! கொசுவை வென்ற நாட்டுக்குக் குழந்தையின் குடற்புழுவை வெல்ல ஆற்றல் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இல்லாதது மனம்தான் என்கிறோம்.

ஏழைக்கும் நுண்மையான மருந்து உண்டு

"ஏழை நோய்க்கு இருக்கிற குளிசை போதும், புது வடிவமெல்லாம் பணக்கார நாட்டுக்கு" என்று சில அறிவாளிகள் பேசுகின்றனர். அவர்களுக்குப் பீகாரைக் காட்டுவோம். அங்கே காலா அசார் என்னும் ஒட்டுண்ணி நோய் ஏழை விவசாயிகளைக் கொன்றது. ஆம்போடெரிசின் என்ற மருந்து நோயைத் தீர்க்கும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையிற் கிடந்து 15 தடவை நாளத்தில் ஏற்ற வேண்டும். அதே மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்தபோது, அது சிறுநீரகத்தை அதிகம் தொடாமல் ஒட்டுண்ணி பதுங்கியிருக்கும் உயிரணுக்களை நாடிச் சென்றது. முசாபர்பூரில் நடந்த ஆய்வில் ஒரே ஒரு தடவை ஏற்றி நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாயினர். 2010இல் அது வெளியானது. 2014இல் இந்திய அரசு அதையே முதன்மை வைத்தியமாக்கியது. விலையைப் பேசிக் குறைத்தனர், கொடையாகவும் பெற்றனர். 2023இல் வங்கதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழித்த முதல் நாடாயிற்று. நுண்மையான மருந்து ஏழையின் குடிசைக்கு வராது என்றவர் வாயை இது அடைத்துவிட்டது.

குழந்தையின் நிலை என்ன? முழுக் குளிசையை வலுக்கட்டாயமாகச் சின்னஞ்சிறு வாயில் திணித்து மூச்சடைத்து இறந்த குழந்தைகள் உலகில் உண்டு. பூச்சி மருந்தின் மிகப் பெரிய ஆபத்து அதன் நஞ்சில் இல்லை. அதைக் கொடுக்கும் விதத்திலேயே இருக்கிறது! மூன்று வயதுக்குட்பட்டவர்க்கு இடித்து நீரிற் கலந்தே கொடுக்க வேண்டும், அழும் குழந்தைக்குத் திணிக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறிது நீர் விட்டால் கூழாகக் குழைந்து கரண்டியால் ஊட்டத்தக்க மெபெண்டசோல் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நத்தைக் காய்ச்சல் நோய்க்குச் சிறுகுழந்தைகளுக்கென்றே நீரிற் கரையும் குளிசை 2023இல் ஐரோப்பிய மருந்து முகவர் நிலையத்தின் ஒப்புதல் பெற்றது.

சாட்டைப்புழுவுக்கு வருவோம். அல்பெண்டசோல் ஒரு வேளை கொடுத்தால் வட்டப்புழு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் ஒழிகிறது. சாட்டைப்புழுவோ முப்பது பேரிடமே ஒழிகிறது. அதனோடு ஐவர்மெக்டினைச் சேர்த்து வாயிற் கரையும் ஒரே குளிசையாக்கி, எதியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் பிள்ளைகளிடம் சோதித்தனர். தனி அல்பெண்டசோலைவிடப் பெரிதும் மேலான பலன் கண்டனர். 2025 ஜனவரியில் அதற்கும் ஐரோப்பிய நிலையம் ஒப்புதல் கூறியது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு ஐவர்மெக்டின் கொடுப்பதில்லை. ஆகவே கொடுப்பவர் கையில் நிறைத் தராசு ஒன்றும் இருந்தாக வேண்டும்.

இதுதான் பெரட்டுக் களத்து மனப்பான்மை

பெரட்டுக் களத்திலே பெயர் கூப்பிடுவார்கள்; ஆள் வந்தால் ஒரு கோடு; வராவிட்டால் சம்பளம் போச்சு. அந்த ஆளுக்குக் காய்ச்சலா, கருவா, பசியா என்று கேட்பதில்லை. இம்மனப்பான்மை பூச்சி மருந்துக்கும் ஒட்டிக்கொண்டால், கொடுத்த குளிசையின் எண்ணிக்கையே வெற்றியாகிவிடும். எத்தனை குளிசை போயிற்று என்று கணக்கெழுதும் கை, எத்தனை பிள்ளைக்கு இரத்தம் ஊறியது என்றும் எழுத வேண்டும். பிள்ளைக் காம்பராவில் கிடக்கும் குழந்தைக்கு எதற்காக எந்த மருந்து கொடுக்கிறார்கள் என்பதைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். சொல்லாமல் திணித்தால், "பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து" என்ற வதந்தி லயத்துக்கு லயம் பறக்கும். அதற்கு அவளுடைய அறியாமை காரணமன்று. கொடுப்பவரின் மௌனமே காரணம்.

"செலவு" என்பார்கள். குழந்தைகளுக்கான அல்பெண்டசோலையும் மெபெண்டசோலையும் அவற்றைச் செய்யும் கம்பெனிகள் உலக சுகாதார நிறுவனத்தின் வழியே ஏழை நாடுகளுக்கு இலவசமாகவே தருகின்றன. செலவு மலசலகூடத்திலும் தண்ணீர்க் குழாயிலும்தான். அதுவோ மலைக்காரனுக்கு யாரும் போடும் பிச்சையன்று. ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலை ஏற்றுமதியில் இந்நாடு ஈட்டிய செல்வத்தில் அவனுக்குச் சேரவேண்டிய பழைய பாக்கி.

நாம் கேட்பவை

ஒன்று: தோட்டப் பிள்ளைகளுக்கான பூச்சி மருந்து எந்த ஆண்டிலும் தடைப்படக் கூடாது, சட்டம்போல் தொடர வேண்டும்.

இரண்டு: மூன்று வயதுக்குட்பட்டவர்க்குக் கரையும் அல்லது குழையும் வடிவத்தையே அரசு வாங்க வேண்டும், அது வரும்வரை இடித்துக் கலக்கிக் கொடுக்கத் தெரிந்தவர் மட்டுமே கொடுக்க வேண்டும்.

மூன்று: சாட்டைப்புழு விட்டகலாத தோட்டங்களில் புதிய கூட்டு மருந்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும், அந்த ஆராய்ச்சி தொழிலாளியின் முழு அறிவோடும் சம்மதத்தோடும் நடக்க வேண்டும். கைதிகளின் ஈரலை அறுத்துப் பார்த்த காலம் திரும்பக் கூடாது.

நான்கு: குளிசை கொடுக்கும் நாளிலேயே அந்த லயத்தின் மலசலகூடத்தையும் தண்ணீரையும் எண்ணி எழுத வேண்டும், அந்தக் கணக்கு தோட்ட அலுவலகச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் தொங்க வேண்டும்.

வைத்தியர்களே, ஆசிரியர்களே, சட்டம் கற்றோரே! மலையிற் பிறந்து படித்து மேலேறியவர் உங்களிற் பலர். உங்கள் தாய் கொழுந்துக் கூடையில் சுமந்தது உங்கள் பாடப் புத்தகத்தின் விலையை. அந்தக் கடனை மேடைப் பேச்சினால் தீர்க்க முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு லயத்துக்கு நடந்து சென்று, தாய்மாரிடம் தமிழில் விளக்கித் தீர்க்கலாம்.

மரக்கறி விளைவிக்கும் விவசாயப் பெருமக்களே! இது லயத்துக்காரரின் விவகாரம் என்று ஒதுங்க வேண்டாம். வட்டப்புழுவின் முட்டை வேலி பார்ப்பதில்லை; சாதி, இனமும் பார்ப்பதில்லை. மலம் விழுந்த மண்ணிலே விளைந்த கரட்டோடும் லீக்சோடும் அது சந்தைக்கும் போகும். உங்கள் பிள்ளையின் தட்டுக்கும் வரும். அவன் மண் சுத்தமானால்தான் உங்கள் வயலும் சுத்தம்.

மருந்தைப் பாதுகாப்பாக்கும் வேலையில் விஞ்ஞானி தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறான். ஓமச் சத்திலிருந்து வாயிற் கரையும் குளிசை வரை அவன் வந்துவிட்டான். நூறாண்டாக நகராமல் நிற்பவர்கள் மலசலகூடம் கட்ட வேண்டியவர்களே. அவர்களை நகர்த்தும் மருந்து எந்த ஆய்வுகூடத்திலும் கிடைக்காது. மக்களின் ஒன்றுபட்ட குரலிலேதான் கிடைக்கும். அந்தக் குரலை எழுப்புவோம்!